ஆலம்பரையை வலம் வந்தவர்கள்

“இது எந்த ஊரு கோட்டை?”

அஞ்சலை அக்கா இப்படிக் கேட்டபோது மதியம் மூன்று மணி இருக்கும். கடப்பாக்கத்தில் நாங்கள் தங்கியிருந்த சமுதாயக் கூடத்தின் சிமெண்டுத் தரையில், நான்கு சார்ட் தாள்களை ஒட்டி ஒன்றாக்கி விரித்திருந்தார்கள். நான்கு மூலைக்கும் நான்கு தண்ணீர் பாட்டில். நடுவில் பென்சிலால் வரைந்த ஒரு கோட்டை. சுற்றிலும் முழங்கால் போட்டபடி பதினோரு பெண்கள்.

அஞ்சலை அக்கா அந்த மீனவர் குப்பத்துக்காரர். எங்கள் குழுவுக்குச் சமைத்துப் போட ஏற்பாடு செய்யப்பட்டவர். கையில் டீ நிரம்பிய தூக்குவாளியுடன் தாளைக் குனிந்து பார்த்தார். முதலில் நின்ற பக்கத்திலிருந்து பார்த்தார். பிறகு சுற்றி வந்து எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தார்.

“இதே கோட்டைதான்க்கா. ஆலம்பரை” என்றாள் ஹரிணி. படம் வரைந்தவள் அவள்.

“அப்படியா? நான் பொறந்ததிலேர்ந்து பார்க்கற கோட்டைல, இடிஞ்சு விழுந்த கொத்தளம் தண்ணிகிட்ட இருக்குது. நீ வாசல்கிட்ட கொண்டாந்து வெச்சிருக்கியே. நைட்டோட நைட்டா தூக்கினு வந்துட்டியா பாப்பா?”

யாரும் சிரிக்கவில்லை. சற்றுத் தள்ளிச் சுவரோரம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த சங்கீதா மட்டும் எழுந்து வந்தாள். தாளைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏற்பட்ட மாற்றத்தை நான் இதற்கு முன் ஓரிடத்தில்தான் பார்த்திருக்கிறேன். அச்சாகி வந்த பக்கத்தில் தன் செய்தியின் தவறைத் தானே முதலில் கண்டுபிடிக்கும் நிருபரின் முகம் அது.

பௌர்ணமியில் ஒரு சுற்றுலா

என் தங்கை மலர்விழி அரசுப் பெண்கள் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. பள்ளி திருவண்ணாமலையில். பிள்ளைகளில் பாதிப் பேர் டவுன், பாதிப் பேர் அடி அண்ணாமலையும் அக்கம்பக்கமும்.

பழைய கடற்கரை ஊர்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டும் ஓர் அமைப்பு அவளுடைய பள்ளியை அழைத்திருந்தது. இரண்டு நாள். ஐந்து பள்ளிகள். மரக்காணம் உப்பளம், ஆலம்பரைக் கோட்டை. வெறும் வேடிக்கை கிடையாது. ஒவ்வொரு பள்ளியும் கோட்டையைத் தானே அளந்து வரைபடம் தர வேண்டும். சிறந்த வரைபடத்தை, வரைந்தவர்களின் பெயர்களோடு, கடப்பாக்கம் நூலகத்தின் முகப்பில் பலகையாக வைப்பார்கள்.

இருபத்திரண்டு பெண்கள். துணைக்கு இன்னொரு பெண் வேண்டும் என்றார்கள். பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருந்த என்னை மலர் இழுத்துக்கொண்டாள். பிள்ளைகள் எனக்கு முதல் நாளே “பேப்பர் மிஸ்” என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

தேதியைச் சென்னையில் உட்கார்ந்து முடிவு செய்திருந்தார்கள். இரண்டாம் நாள் பௌர்ணமி. எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு நாள் குறிப்பவர்கூட மண்டபம் கிடைக்குமா என்பதற்கு முன்னால் அன்றைக்குப் பௌர்ணமியா என்று பார்ப்பார். சென்னைக்கு அது தெரிய நியாயமில்லை.

சங்கீதாவின் அப்பா ஏழுமலை அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில் இளநீர்க் கடை வைத்திருக்கிறார். மாதத்தில் ஒரு நாள்தான் அவருக்கு உண்மையான வியாபாரம். அன்றைக்கு அவர் வெட்டுவார், மனைவி எடுத்துக் கொடுப்பார், வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் பேசுவது ஒன்பதாம் வகுப்புச் சங்கீதா.

கையெழுத்து வாங்க மலரோடு நானும் போயிருந்தேன்.

“ஏன் டீச்சர், வேற நாளே கெடைக்கலியா? ஜனம் ஜாஸ்தி வர்ற நாளு. இவ இல்லன்னா எனக்குக் கை ஒடஞ்ச மாதிரி” என்றார் ஏழுமலை. பிறகு மகளைப் பார்த்தார். “அங்க போயி இடிஞ்ச செவுத்தப் பார்த்து என்னா பண்ணப் போற?”

“அளக்கப் போறம்பா.”

“அளந்து?”

“பேர் போடுவாங்க. பலகைல. நாங்க வரைஞ்சதுன்னு.”

“உன் பேரா?”

“என் பேர் இல்லாம திரும்பி வந்தா அடுத்த தடவை எங்கயும் கேக்க மாட்டேன். போதுமா?”

ஏழுமலை கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பித் தரும்போது என்னிடம் சொன்னார்: “நீங்க சாட்சி மேடம்.”

கண்ணாடிப் பெட்டியும் நானும்

எங்கள் காலத்திலும் பள்ளிச் சுற்றுலா உண்டு. மகாபலிபுரம். நான் போனேன். ஐந்து முறை தலை எண்ணினார்கள். அலையில் கால் நனைத்தோம். புளிசாதத்தில் மணல் விழுந்தது. சிப்பி ஒட்டிய ஒரு கண்ணாடிப் பெட்டி வாங்கி வந்தேன். மூடி இரண்டே வாரத்தில் கழன்றது.

திரும்பி வந்து கட்டுரை எழுதச் சொன்னார்கள். ‘பல்லவர்களின் கலைத்திறன் கண்டு வியந்தேன்’ என்று எழுதினேன். உண்மையில் நான் வியந்தது, அத்தனை பெரிய தண்ணீருக்குப் பக்கத்தில் குடிக்கத் தண்ணீர் விற்கிறார்களே என்பதற்கு. அதை எழுதலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தப் பெண்கள் அப்படி இல்லை. பேருந்து செஞ்சியைக் கடந்தபோது ஜன்னல் வழியே மலை மேல் கோட்டையைப் பார்த்துக் குறிப்பேட்டைத் திறந்தார்கள். திண்டிவனம் தாண்டி, மரக்காணம் தாண்டி, தென்னைகளுக்கும் மணலுக்கும் நடுவில் ஆலம்பரை வந்தபோது ஒருத்தி கேட்டாள்: “மிஸ், மலையே இல்லாம கோட்டையா?”

செங்கல்லும் சுண்ணாம்பும். ஒரு காலத்தில் ஆற்காடு நவாபுகளின் ஆளுகையில் இருந்து, பிறகு பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போய், ஆங்கிலேயர்களால் இடிக்கப்பட்டது. நம் பக்கத்து ஆற்காட்டுக்குக் கடல் வரை கை நீண்டிருந்தது என்பதே பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி. கோட்டைக்குக் கிழக்கே உப்பங்கழி, அதற்கு அப்பால் ஒரு மணல் திட்டு, அதற்கும் அப்பால் கடல். சுவரின் வெடிப்புகளில் செடி முளைத்திருந்தது. செங்கல்லைத் தொட்டால் விரலில் சிவப்புப் பொடி ஒட்டியது. நாக்கில் வைத்துப் பார்த்த ஒருத்தி “உப்பு” என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

யாரும் பார்க்காத தவறு

மலர் திட்டத்தைத் தெளிவாகத்தான் சொன்னாள். நிலத்தைப் பார்த்த மேற்கு வாசலில் எல்லோரும் நிற்கிறோம். முதல் அணி ஹரிணியோடு இடது பக்கம் திரும்பி, வடக்குச் சுவரை அளந்தபடி போகும். இரண்டாம் அணி சங்கீதாவோடு வலது பக்கம் திரும்பித் தெற்குச் சுவரை அளந்தபடி போகும். இரண்டும் தண்ணீரோரச் சுவரின் நடுவில் சந்திக்கும். முடிச்சுப் போட்ட கயிறு அணிக்கு ஒன்று. ஒவ்வொரு முடிச்சுக்கும் என்ன இருக்கிறது என்று வரிசையாக எழுத வேண்டும். சுவர், உடைப்பு, கொத்தளம், படி.

“புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது மிஸ்ஸ்ஸ்!”

முதல் அணி இடது பக்கம் திரும்பியது. பின்னாலேயே இரண்டாம் அணியும் இடது பக்கம் திரும்பியது.

நான் வாசலில், வேப்பமர நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மலர். பார்ப்பதற்காகவே முப்பது ஆண்டுகள் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். கூட்டத்தில் எத்தனை பேர், மேடையில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார், யார் பாதியில் எழுந்து போனார் என்று சொல்லத் தெரிந்தவள். மலர் சொன்னதற்கு நேர் எதிராகப் பதினோரு பெண்கள் திரும்பிப் போனதை நான் பார்த்தேன். அது எனக்குத் தவறாகத் தெரியவில்லை. மலருக்கும் தெரியவில்லை.

காரணம் எளிது. எங்கள் ஊரில் மலை எப்போதும் வலது கைப் பக்கம்தான் இருக்கும். கோயிலில் சன்னதி வலது கைப் பக்கம். அரச மரத்தடிப் பிள்ளையார் வலது கைப் பக்கம். நடை பழகும்போதே பழகியது. பக்தி இல்லாதவர்களுக்கும் இதில் விலக்கில்லை.

சென்னையில் வேலை பார்த்த நாட்களில் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பூங்கா இருந்தது. காலையில் நடக்கப் போவேன். எல்லோரும் ஒரு பக்கமாகச் சுற்ற, நான் மட்டும் எதிர்ப்பக்கமாக வருவேன். தினம் எண்பது பேர் முகத்துக்கு நேரே. ஒரு பெரியவர் கடைசியில் நிறுத்திக் கேட்டார்: “ஏம்மா, உனக்கு எங்க மேல ஏதாவது கோபமா?” மறுநாள் அவர்களோடு சேர்ந்து நடந்து பார்த்தேன். நடுவில் இருந்த நீரூற்று இடது கைப் பக்கம் வந்தது. இரண்டு சுற்றில் கால் தடுமாறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகவே சங்கீதாவின் அணி, கோட்டையை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு, அளக்காமலேயே வடக்கைச் சுற்றித் தண்ணீரோரம் போய், அங்கிருந்து அளக்கத் தொடங்கி, தெற்கு வழியாக வாசலுக்கு வந்து முடித்தது. அளவுகள் எல்லாம் சரி. வரிசை மட்டும் தலைகீழ்.

ஹரிணி அந்தப் பட்டியலை வாசலிலிருந்து தொடங்குவதாக நினைத்து வரைந்தாள். வாசலும் சுவரின் நடுவில், சந்திக்கும் இடமும் ஏறக்குறைய நடுவில். அதனால் வடிவம் கெடவில்லை. கோடுகள் பொருந்தின. கூட்டல் சரி, கோட்டை தப்பு.

“வந்தா எப்படி நடக்கறது?”

“நீங்க எங்கேர்ந்துடி ஆரம்பிச்சீங்க?” ஹரிணி கேட்டாள்.

“தண்ணிகிட்ட.”

“வாசல்லேர்ந்துதான சொன்னாங்க?”

“வாசல்லேர்ந்து சோத்துக் கைப் பக்கம் திரும்புனா கோட்டை பீச்சாங்கைப் பக்கம் வருதுடி.”

“வந்தா?”

“வந்தா எப்படி நடக்கறது?”

ஹரிணி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். டவுன் பெண்தான், ஆனால் அவளும் எங்கள் ஊர். மூடிக்கொண்டாள்.

மலர் நெற்றியில் கை வைத்தாள். “அதான் பின்னாடியே போனீங்களா? என் கண்ணு முன்னாடி போனீங்களே. நானும் பார்த்துட்டே நின்னேனே.” என் பக்கம் திரும்பினாள். “நீ என்னாக்கா பண்ணிட்டிருந்த?”

“நானும் பார்த்துட்டேதான் நின்னேன்.”

அஞ்சலை அக்கா டீயை ஊற்றியபடியே கேட்டார்: “உங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தானா?”

ஹரிணிக்கு வேகமான மூளை. “சரி, ஒண்ணும் கெட்டுப் போவல. தெற்கு லிஸ்ட்ட அப்படியே திருப்பிப் போட்டுடலாம். கடைசில இருக்கறத முதல்ல எழுதினா ஆச்சு. யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியும்” என்றாள் சங்கீதா.

“அய்ய, வந்துட்டா.”

“நீங்க முடிச்ச எடமும் நாங்க ஆரம்பிச்ச எடமும் ஒண்ணுதான்னு யாரு பார்த்தது? அங்க இடிஞ்ச செவுரு ரெண்டு மூணு எடத்துல இருக்குது. நடுவுல எவ்ளோ விட்டுப்போச்சுன்னு தெரியாது. குத்துமதிப்பா போட்டுட்டு அதுல என் பேரப் போடச் சொல்லி எங்க அப்பாகிட்ட காட்டவா?”

படத்தை மறுநாள் மாலை நான்கு மணிக்குக் கொடுத்துவிட வேண்டும். காலையில் மரக்காணம் உப்பளம், போனால் திரும்ப மதியம் ஆகிவிடும். இடையில் கிடைப்பது இரண்டு மணி நேரம். மலர் என்னைப் பார்த்தாள். முடிவை அவளிடமே விட்டேன். அவளுடைய வகுப்பு அது.

“சாப்பாட்ட பஸ்ஸுலயே முடிச்சுக்கணும். ஒரே கயிறு. எல்லாரும் சேர்ந்து. வாசல்லேர்ந்து வாசல் வரைக்கும் ஒரே சுத்து” என்றாள் மலர்.

“எந்தப் பக்கமா மிஸ்?” என்றாள் ஒருத்தி.

மலர் பதில் சொல்வதற்குள் கூடமே சிரித்துவிட்டது.

தண்ணீர் வற்றிய நேரம்

மறுநாள் மதியம் இரண்டு மணி வெயிலில் இருபத்திரண்டு பெண்கள் ஒற்றை வரிசையில் கோட்டையைச் சுற்றினார்கள். முன்னால் கயிறு பிடித்த இருவர், பின்னால் எழுதுகிறவர்கள், கடைசியில் பாட்டில் சுமப்பவர்கள். மற்ற பள்ளிகள் முந்தின நாளே முடித்துவிட்டிருந்தன. சென்னைப் பள்ளி ஒன்றின் பையன்கள் கொத்தளத்தின் மேல் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒருவன் கை கூப்பி “அரோகரா!” என்று கத்தினான்.

“சுண்டல் கடைசிலதாம்பா. லைன்ல வா!” என்று ஹரிணி திருப்பிக் கத்தினாள்.

தண்ணீரோரச் சுவருக்கு வந்தபோது சங்கீதா நின்றுவிட்டாள். முந்தின நாள் காலை அலை தட்டிக்கொண்டிருந்த இடத்தில் இப்போது கரும் சேறு. உப்பங்கழி ஒதுங்கிப் போயிருந்தது. சேற்றின் நடுவே, இடிந்த சுவரின் அடியிலிருந்து புறப்பட்டு, நண்டு வளைகளுக்கு ஊடே, செங்கல் வரிசை ஒன்று நேராகத் தண்ணீரை நோக்கிப் போனது. பாசி படிந்து, சில இடங்களில் மறைந்து, மறுபடி தலைகாட்டி.

நண்டுக் கூடையோடு அந்தப் பக்கம் வந்த அஞ்சலை அக்காவை எல்லோருமாகக் கூப்பிட்டோம்.

“அதுவா? படகு வந்து நின்ன எடம்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. எப்பவும் தெரியாது. பௌர்ணமி, அமாவாசைன்னா தண்ணி நல்லா வத்தும். அப்பதான் தெரியும். இன்னிக்குப் பௌர்ணமி இல்ல?”

சங்கீதா ஒரு கணம் மேற்கே திரும்பிப் பார்த்தாள். நூறு கிலோமீட்டருக்கு மேல். அந்த நேரத்தில் அடி அண்ணாமலையில் ஏழுமலை இளநீர்க் குலைகளை இறக்கிக்கொண்டிருந்திருப்பார். ஊரில் பாதையை ஜனத்தால் நிரப்புகிற அதே நாள்தான் இங்கே கழியிலிருந்து தண்ணீரை இழுத்து வைத்திருந்தது. இது என் வாக்கியம். அவள் சொன்னது வேறு.

“செருப்பக் கழட்டுங்கடி. எறங்கி அளக்கணும்.”

முழங்கால் வரை சேறு. கயிற்றின் ஒன்றரை நீளம் வரை போனார்கள். அதற்கு மேல் தண்ணீர். அதற்கு மேல் எழுதவில்லை. எங்கே நிறுத்தினோம் என்பதை எழுதினார்கள்.

தாளின் அடியில் இரண்டு வரி

நான்கு மணிக்கு ஐந்து வரைபடங்களும் கூடத்துச் சுவரில் ஒட்டப்பட்டன. ஒன்று கணினியில் அச்சிட்டது. ஒன்றில் ஆங்கிலத் தலைப்பு, ஏழு நிறம். எங்களுடையதில் ரப்பர் வைத்து அழித்த அழுக்கு இருந்தது. ஒரு மூலையில் சேற்று விரல் ரேகை.

அமைப்பின் பொறுப்பாளர் கட்டடக் கலை படித்த ஓர் இளம் பெண். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் எங்கள் தாளின் முன் நின்றார். தண்ணீருக்குள் நீண்ட கோட்டின் மேலே, தாளைத் தொடாமல், விரலை நகர்த்தினார். அந்தக் கோடு மற்ற நான்கில் இல்லை. பிறகு தாளின் அடியில் சங்கீதாவின் கையெழுத்தில் இருந்ததை உரக்கப் படித்தார்:

‘முதல் நாள் தெற்குப் பக்கத்தைத் தலைகீழாக எழுதிவிட்டோம். இரண்டாம் நாள் கோட்டை முழுவதையும் மறுபடி அளந்து திருத்தினோம்.’

பத்திரிகையில் திருத்தம் என்பது உள்பக்கத்தில், மிகச் சிறிய எழுத்தில், யார் கண்ணிலும் படாத மூலையில் போடுவது. என் செய்திகளுக்கு நான்கு முறை அப்படிப் போட்டிருக்கிறார்கள். நான்கு முறையும் அது கண்ணில் படக்கூடாது என்று விரும்பியவள் நான். இந்தப் பெண் அதைப் படத்திலேயே, பெயர்களுக்கு மேலே எழுதியிருந்தாள்.

“இதை எதுக்கு எழுதுனீங்க?” என்று பொறுப்பாளர் கேட்டார். குரலில் குற்றம் இல்லை.

சங்கீதா எழுந்து நின்றாள். “நடந்துச்சு மேடம். அதான்.”

பலகைக்கு எங்கள் படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் அஞ்சலை அக்கா சமையலை விட்டு ஓடி வந்தார். மலர் கைதட்டவில்லை, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள், நெடு நேரம். நான் என் குறிப்பேட்டில் நேரத்தை எழுதினேன். நான்கு மணி இருபது நிமிடம்.

அடுத்த பௌர்ணமி

ஒரு மாதம் கழித்து, வெயில் இறங்கிய நேரத்தில் கிரிவலப் பாதையில் நடந்தேன். அடி அண்ணாமலையில் ஏழுமலையின் கடைக்குத் தூரத்திலேயே கண் போனது. பந்தல் கம்பத்தில், பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு பெரிய தாள். ஆலம்பரைப் பலகையின் புகைப்படம். இருபத்திரண்டு பெயர்கள், அகர வரிசையில். சங்கீதா ஏழாவது.

கடைக்குள் அவள் ஒரு வெள்ளைக்காரத் தம்பதிக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். கை நீரில் இறங்குவதுபோல் சாய்ந்து காட்டியது. இளநீரைப் பற்றிய விளக்கமாகத் தெரியவில்லை.

“சாட்சி மேடம் வந்துட்டாங்க!” என்றார் ஏழுமலை. கேட்காமலேயே ஓர் இளநீரைச் சீவினார். “பார்த்தீங்களா? அந்த அடில இருக்குற வரி, தப்பு பண்ணோம்னு எழுதிக்கீதே, அத மட்டும் கட் பண்ணிட்டு லேமினேஷன் போடலாம்னு சொன்னேன். விட மாட்டேன்னுட்டா. இப்ப வர்றவங்க அதத்தான் மொதல்ல படிக்கறாங்க. படிச்சிட்டு என்னா ஆச்சுன்னு கேக்கறாங்க. கதை சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது.”

இளநீரைக் குடித்தபடி தாளைப் பார்த்தேன். கம்பத்தின் ஒரு பக்கம்தான் ஒட்டியிருந்தார். மறுபக்கம் வெறுமை.

“இன்னொண்ணு எடுத்து அந்தப் பக்கமும் மாட்டலாமே” என்றேன்.

ஏழுமலை அரிவாளை நிறுத்திவிட்டு, விவரம் தெரியாத வெளியூர்க்காரியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். எதிரே, மலையை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு, ஜனம் வந்துகொண்டே இருந்தது.

“எதுக்கு மேடம்? அந்தப் பக்கத்துலேர்ந்து யாரு வரப்போறா?”